சந்தைத் திடலுக்குப் போகாதே

நான் பயந்தாங்கொள்ளி இல்லைம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன். இந்தம்மா ஏன் பஸ்ஸு பிரேக் போட்டாலே நம்ம கையைப் பிடிக்குதுன்னு நீ நினைப்ப. முன்னெல்லாம் நான் இப்படி இல்லை. ஒரு தேர்தல்ல எங்க வீட்டு மேல கல்லு விழுந்தப்போ, வாசல் லைட்டைப் போட்டு யாருடா அதுன்னு கேட்டவ நான். இப்போ குக்கர் விசில் அடிச்சாக்கூட உடம்பு தூக்கிவாரிப் போடுது.

எம்பேரு சௌந்தரம். ஊரு ஆலங்கரை. ஆமா, அந்த ஆலங்கரையேதான். பேரைச் சொன்னாலே எல்லாரும் இப்படித்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் மந்திரி. சிரிக்காதே, நிஜமாத்தான் சொல்றேன். மந்திரி பொண்டாட்டி எதுக்கு பஸ்ல வர்றான்னுதானே கேக்கற? கொடி கட்டின கார்ல உக்காந்தா யாரோ முதுகைக் குறி பாக்கற மாதிரியே இருக்கும்மா. இங்கன்னா என்னை யாருக்கும் தெரியாது. மகளைப் பாக்கப் போறேன், திருச்சிக்கு. அவ வரச் சொல்லலை. நானாத்தான் போறேன்.

உனக்குத் தூக்கம் வந்தா தூங்கு. வரலைன்னா சொல்றேன். யார்கிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்கு.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி. மத்தியானம் அவர் சாப்பிட்டு முடிச்சு ஈஸிசேர்ல சாஞ்சிருந்தார். அப்போ எஸ்.பி. வந்தார். கார்மேகம்னு பேரு, சின்ன வயசுதான். எப்பவும் போன் பண்ணிட்டு வர்றவர், அன்னிக்கு யூனிஃபார்ம் கூட இல்லாம நேரா வந்து நிக்கறார். நான் மோர் கொண்டுபோனேன். நான் வந்தா பேச்சை நிறுத்தற பழக்கம் எங்க வீட்ல கிடையாது. நான் என்னத்தைக் கண்டேன், அடுப்படி ஆளுன்னு அவங்களுக்கு நினைப்பு.

"சார், ஒரு தகவல். டெல்லியில இருந்து சென்னைக்கு வந்து, அங்கேருந்து எங்களுக்கு வந்திருக்கு. நம்ம ஊர் பேரே இருக்கு சார். தீபாவளிக்கு முன்னாடி, கூட்டம் கூடற இடத்துல குண்டு வைக்கப் போறாங்கன்னு."

"எந்த இடம்னு இருக்கா?"

"இல்லை சார். ஆனா தீபாவளிக்கு முன்னாடி நம்ம ஊர்ல கூட்டம்னா அது சந்தைத் திடல்தானே சார்."

சந்தைத் திடல் உனக்குத் தெரியாது. தீபாவளி வந்தா அந்த மைதானம் பூராக் கடை போட்ருவாங்க. துணி, பாத்திரம், வளையல், பட்டாசு, எல்லாம் அங்கதான். சுத்துப்பட்டு கிராமமெல்லாம் அங்கதான் நிக்கும்.

"திடலை மூடச் சொல்றீங்க."

"மூடினா நல்லது. இல்லைன்னா கடைங்களை நாலு தெருவுக்குப் பிரிச்சு விட்டுடலாம். அதுவும் முடியாதுன்னா, ஜனங்ககிட்ட விஷயத்தையாவது சொல்லிடலாம் சார். ஊரே நமக்குக் கண்ணா இருக்கும்."

எங்க வீட்டுக்காரர் மோரைக் கையில வெச்சுக்கிட்டே இருந்தார், குடிக்கலை. "போன வருஷம் தெப்பத்துக்கும் இதையேதான் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேட்டு நிறுத்தினேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. தெப்பத்துக்குப் பயந்த மந்திரின்னு எதிர்க்கட்சிக்காரன் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினான். சாமியோட சாபம்னு கிழவிங்க எல்லாம் மண்ணை வாரித் தூத்துச்சு."

"நிறுத்தினதாலதான் ஒண்ணும் ஆகலையோ என்னவோ சார்."

"இருக்கலாம். அதைப் போஸ்டர்ல போட முடியுமாய்யா?"

தூணைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன். அடுத்த மாசம் உள்ளாட்சித் தேர்தல். அது எனக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் மேல எத்தனை பாரம்னு வெளியில இருக்கறவங்களுக்கு என்ன தெரியும், சொல்லு?

எஸ்.பி. போனதும் இவர் கட்சித் தலைவருக்குப் போன் போட்டார். இந்தப் பக்கப் பேச்சுதான் எனக்குக் கேட்டுச்சு. "ஆமாங்க தலைவரே... இல்லைங்க தலைவரே, வியாபாரிங்க விடமாட்டாங்க... சரிங்க... இல்லைங்க, யாருக்கும் தெரியாது... கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி திடல் வாசல்ல சோதனை போட்டுடறேன்... சரிங்க தலைவரே." போனை வெச்சப்போ சட்டை முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. ஃபேனுக்குக் கீழதான் உக்காந்திருந்தார்.

என்னைப் பாத்தார். "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாது. ஜனங்களுக்குத் தெரிஞ்சா பதறி ஓடி, மிதிபட்டே நாலு பேர் செத்துப் போவாங்க. சாமி படத்து மேல கை வெச்சுச் சொல்லு."

வெச்சேன். வெச்சுட்டு, "மதுவந்தி வர்றேன்னு சொன்னாளே"ன்னேன்.

மதுவந்திதான் என் மக. ஒத்தப் பொண்ணு. தீபாவளிக்கு வந்து, எங்க பக்கத்து வீட்டு இந்திராணியோட திடலுக்குப் போய்ப் புடவை எடுக்கறதுன்னு அவளுக்கு வருஷா வருஷம் ஒரு வழக்கம்.

அவர் கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "பண்டிகை அன்னிக்கு வந்தாப் போதும்னு சொல்லிடு. காரணம் சொல்லாதே." அந்த மனுஷன் தலைமேல மலையே இருக்கு, அப்பவும் பொண்ணு ஞாபகம் பாரு.

நான் போன் பண்ணேன். அவ லேசுப்பட்டவளா? "ஏம்மா வரக்கூடாது, என்னம்மா மறைக்கற, அப்பாவுக்கு உடம்புக்கு என்ன"ன்னு குடைஞ்சு எடுத்துட்டா. கடைசியில, "அப்பாவுக்கு ஒரு தகவல் வந்திருக்குடி, சந்தைத் திடலுக்குப் போகாதே, கேக்காதே"ன்னு சொல்லிட்டேன். பெத்தவ வேற என்ன செய்வா? அன்னிக்கே என் தம்பிக்கும் ஒரு போன் போட்டு, பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதேன்னேன். அவன் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குச் சொல்லியிருப்பா. ரத்த சொந்தம்னா அப்படித்தானே. அதெல்லாம் வெளியில சொன்னதுல சேராது.

அதுக்கப்புறம் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! சோறு இறங்கலை. வாசல்ல ஒரு மொபெட் நின்னா போதும், யார் வண்டின்னு தெரியற வரைக்கும் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். கொரியர் கொண்டாந்த பையனை கேட்டுக்கு வெளியிலயே பிரிக்கச் சொன்னேன். உள்ள டைரி இருந்துச்சு, புது வருஷத்து டைரி. அவன் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான். ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு, பேரம் பேசிக்கிட்டு, பலகாரத்துக்கு மாவு அரைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் ஒருத்தி மட்டும் பயந்துக்கிட்டு இருக்கேன். அது எவ்வளவு கொடுமை தெரியுமா? பயத்துல கூடத் துணை இல்லை எனக்கு.

சோதனை வாசல் போட்டாங்க திடலுக்கு. கதவு மாதிரி ஒண்ணு, உள்ள நுழைஞ்சா கீச்சுன்னு கத்தும். வண்டியெல்லாம் வெளியவே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆனா அப்புறம் வியாபாரிங்க சங்கத்துல இருந்து சால்வையோட வந்தாங்க. வரிசை மணிக்கூண்டு வரைக்கும் நிக்குது, வர்ற ஜனம் அலுத்துப்போய்ப் பக்கத்து ஊருக்குப் போகுது, நாங்க கடை எடுத்ததே வீண், அந்த வாசலை எடுக்கச் சொல்லுங்கன்னு. எங்க வீட்டுக்காரருக்கு இளகின மனசு. யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் தாங்காது. எஸ்.பி.யை போன்ல கூப்பிட்டார்.

"பொம்பளைங்க கைக்குழந்தையோட வெயில்ல நிக்கறாங்களாமேய்யா. மனசாட்சி இருக்கா உமக்கு? எடுத்துடுங்க."

அந்தப் பக்கம் எஸ்.பி. என்னவோ சொல்றார். இவர் குரல் ஏறிடுச்சு. "சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். இப்போ நான் சொல்றேன், நீங்க கேளுங்க."

எடுத்துட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிட்டார். தலைவர் கூப்பிட்டிருந்தார். திடல் பக்கம் இவருக்கு ஏதோ ஒரு கடைத் திறப்பு இருந்துச்சு, அதுக்கு நகராட்சித் தலைவரைப் போகச் சொல்லிட்டார். நான் பெருமாளுக்கு நெய் விளக்கு ஏத்தினேன், நல்லபடியா ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டியேன்னு.

இப்போ இந்திராணியைப் பத்திச் சொல்லணும். பக்கத்து வீடு. ஸ்கூல் டீச்சர். நானும் அவளும் காலையில சேர்ந்துதான் நடப்போம். மதுவந்திக்கு கணக்குச் சொல்லிக் கொடுத்தவ அவதான், அவ கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கு என் பொண்ணு! அவ வீட்டுக்காரர் தணிகாசலம், கூட்டுறவு பேங்க்ல இருந்து ரிட்டயரானவர். அதிர்ந்து பேசமாட்டார். அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லை.

ஞாயித்துக்கிழமை காலையில காம்பவுண்டு சுவர்கிட்ட வந்து நிக்கறா. புதுப் புடவை. "அக்கா, திடலுக்குக் கிளம்பறோம், வர்றீங்களா?"

"தலைவலிம்மா"ன்னேன்.

"முகமே சரியில்லையேக்கா. இருங்க." உள்ள போய் இஞ்சி தட்டிப்போட்டு கஷாயம் கொண்டாந்தா. நான் குடிக்கற வரைக்கும் நின்னு பாத்தா. சூடு நாக்கைப் பொசுக்கிடுச்சு. அப்போ சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சும்மா, பொய் சொல்லலை. ஆனா சத்தியம் பண்ணியிருக்கேனே. சாமி படத்து மேல கை வெச்சிருக்கேனே. இவகிட்ட சொன்னா இவ ஸ்கூல்ல சொல்வா, ஸ்கூல்ல சொன்னா ஊரெல்லாம் ஆகும், அப்புறம் அவர் பதவி என்னத்துக்கு ஆகும்? நாளைக்குப் போயேன்னு சொல்லிப் பாத்தேன். நாளைக்கு ஸ்கூல் இருக்கே அக்காங்கறா. நான் சொல்லத்தான் செஞ்சேன். நாளைக்குப் போன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன்.

"உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணுமாக்கா?"

ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா அவளுக்கு ஒரு மாதிரி தோணும். தீபாவளி நேரத்துல எந்தப் பொம்பளை ஒண்ணும் வேண்டாம்பா? அதனால, "முறுக்கு அச்சு கைப்பிடி உடைஞ்சிருக்கு, பித்தளையில ஒண்ணு கிடைச்சா வாங்கிட்டு வா"ன்னேன். சாதாரணமாத்தான் சொன்னேன். தணிகாசலம் சார் ஸ்கூட்டரைக் கிளப்பிட்டு, "பித்தளையிலயாம்மா? வாங்கிடலாம்"னார். அவர் என்கிட்ட பேசினதே ரொம்பக் குறைச்சல். அதுதான் கடைசி.

அவங்க போனதும் நான் பூஜை ரூம்ல உக்காந்தேன். எழுந்திரிக்கவே இல்லை. வெளியில சரவெடி வெடிச்சா காதைப் பொத்திக்குவேன். அப்புறம் அது சரவெடின்னு தெரிஞ்சதும் வேர்த்துக் கொட்டும். இப்படியே எத்தனை தடவை! கடைசியில அது வந்தப்போ சந்தேகமே வரலைம்மா. அது வேற சத்தம். காதுல கேக்கறதுக்கு முன்னாடி தரையில வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுன்னு ஆடிச்சு, அலமாரியில இருந்த குங்குமச் சிமிழ் உருண்டு விழுந்துச்சு.

தப்பா எடுத்துக்காதே. எனக்கு முதல்ல தோணினது, அப்பாடா முடிஞ்சுதுன்னு. வரும் வரும்னு பயந்துக்கிட்டே இருந்தது வந்துடுச்சு, இனிமே வராது, அவ்வளவுதான். அப்புறம்தான் இந்திராணி ஞாபகமே வந்துச்சு.

துணிக்கடை வரிசைக்குப் பின்னால நிறுத்தியிருந்த மொபெட்ல வெச்சிருந்தாங்களாம். அந்த வாசலை எடுத்ததுக்கப்புறம் வண்டியெல்லாம் உள்ளயே வர ஆரம்பிச்சிடுச்சு. செத்தவங்களைப் பத்தியெல்லாம் நான் சொல்லமாட்டேன். நீ டிவில பாத்திருப்ப. கம்மல் போட்ட காதை மட்டும் வெச்சு ஒருத்தர் அவர் பொண்ணை அடையாளம் சொன்னார்னு கேள்விப்பட்டேன். போதும்.

இந்திராணி தப்பிச்சா. சாமான் எல்லாம் வாங்கிட்டு ஸ்கூட்டர்கிட்ட வந்துட்டாங்களாம் ரெண்டு பேரும். "அடடா, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அச்சு வாங்கலையே, நீ இங்கயே நில்லு"ன்னு சொல்லிட்டு தணிகாசலம் சார் மட்டும் திரும்பி உள்ள போயிருக்கார். பாத்திரக்கடை துணிக்கடைக்கு அந்தாண்ட. அவ வெளியில நின்னுக்கிட்டிருந்தா.

எங்க வீட்டுக்காரர் பதறி அடிச்சுக்கிட்டு சென்னையில இருந்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு நேராப் போனார். டிவிக்காரங்க முன்னாடி குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். "இப்படி ஒண்ணு நடக்கும்னு எங்களுக்கு ஒரு சின்னத் தகவல் வந்திருந்தாக்கூட, என் உயிரைக் கொடுத்தாவது தடுத்திருப்பேனே"ன்னார். நான் வீட்ல பாத்துட்டு நானும் அழுதேன். அந்த அதிர்ச்சில அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு பாவம். மனுஷனுக்கு மறக்காதா? எஸ்.பி.யை ராவோட ராவா வேற எங்கயோ மாத்திட்டாங்க. பாதுகாப்புல கோட்டை விட்டார்னு பேப்பர்ல வந்துச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி அந்தத் தம்பி எங்க கேட் வரைக்கும் வந்தார். உள்ள வரலை. நான் மாடியில இருந்து பாத்தேன். எங்க வீட்டைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னார், போயிட்டார்.

மதுவந்தி வந்தா. வந்தவ என்னைக் கூடப் பாக்காம பக்கத்து வீட்டுக்கு ஓடினா. இந்திராணி மடியில விழுந்து அழுதா. அழுகையில என்ன பேசறோம்னு தெரியுமா? "அம்மா என்னைத் திடலுக்குப் போகாதேன்னு சொன்னாங்களே ஆன்ட்டி, உங்ககிட்ட சொல்லலையா, உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னுதானே நான் நினைச்சேன்"னு கேட்டுட்டா. வெள்ளைமனசு என் பொண்ணுக்கு.

அன்னிக்கே இந்திராணி வந்தா. எங்க அடுப்படிக்கு. எப்பவும் உக்கார்ற முக்காலியில உக்காரலை, நின்னா. நெத்தியில பொட்டு இல்லை. எனக்கு அவளைப் பாக்கப் பயமா இருந்துச்சும்மா. கையில ஒண்ணும் இல்லை அவளுக்கு, கத்தவும் இல்லை, ஆனா அவ்வளவு பயம்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது இந்திராணி?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? நான் அடுப்படியில கிடக்கறவ. உன்னை நாளைக்குப் போன்னு சொன்னேனா இல்லையா?"

அவ என்னையே பாத்தா. "தெரிஞ்சேதான் அச்சு வாங்கிட்டு வரச் சொன்னீங்களா?"

நீயே சொல்லு. ஒரு முறுக்கு அச்சு. ஒரு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு முறுக்கு அச்சு கேக்கறது குத்தமா? ஊர்ல எத்தனை பேர் எத்தனை பேரை என்னென்னவோ வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பாங்க அன்னிக்கு. அவங்களையெல்லாம் போய்க் கேப்பாளா? நான் அவளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்! ஸ்கூல்ல அவளுக்கு வேண்டாத இடத்துக்கு மாத்தல் வந்தப்போ நிறுத்திக் கொடுத்தது யாரு? அதெல்லாம் மறந்துட்டா. போகும்போது கஷாயம் கொண்டாந்த டம்ளரை, நான் கழுவி வெச்சிருந்தேன், அதை எடுத்துக்கிட்டுப் போனா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை. இப்போ வீட்டைப் பூட்டிட்டு அவ அண்ணன் ஊருக்கே போயிட்டா.

விசாரணைக்குன்னு ஒரு ஜட்ஜைப் போட்டிருக்காங்க. எஸ்.பி. எங்க வீட்டுக்கு வந்து சொன்னதாச் சொல்றாராம். என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. எஸ்.பி. அந்த வருஷப் பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தார், அதைத் தவிர நான் பாத்ததில்லைன்னேன். கட்டின புருஷனுக்கு எதிரா எவ பேசுவா? இப்போ மதுவந்தி, நான் வந்து சொல்றேன்னு ஜட்ஜுக்கு எழுதிக் கொடுத்திருக்காளாம். எங்க வீட்டுக்காரருக்கு அது தெரிஞ்சு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சார். "உன் பொண்ணு, நீயே போய்ப் பேசு"ன்னார். நான் போன் பண்ணா எடுக்கமாட்டேங்கறா. எடுத்த ஒரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "என்னை ஏம்மா காப்பாத்தின?" கேக்கற கேள்வியா இது? அதான் போறேன். கால்ல விழுந்தாவது...

என்ன, பஸ் நின்னுடுச்சு? டீக்கடையா? நான் இறங்கலைம்மா, நீ போறதுன்னா போயிட்டு வா.

இரு. இரும்மா. அந்த முன் சீட்ல உக்காந்திருந்த ஆளு எங்க? சட்டையைக் கழட்டி மடியில வெச்சிருந்தானே, அவன். சீட்டுக்கு அடியில பார். பச்சைப் பை. ஜிப் பாதி திறந்திருக்கு. உள்ள என்னவோ டப்பா மாதிரி... திரும்பிப் பாக்காதே! என் கையைப் பிடி. பிடின்னா. மெதுவா எழுந்திரு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. நட. சும்மா டீ குடிக்கப் போற மாதிரி நட. அந்தக் குழந்தைக்காரி காலை மிதிக்காம வா. படி பாத்து. இன்னும் தள்ளி வா, அந்தப் புளியமரம் வரைக்கும். இன்னும் கொஞ்சம்.

காதைப் பொத்திக்கோ.

...

அதோ. அவன்தானே? டீ கிளாஸோட ஏறுறான். குனியறான். பையை எடுத்து... டிபன் டப்பா. இட்லி. பக்கத்துல இருக்கற குழந்தைக்கு ஒண்ணு தர்றான் பாரு. கடவுளே, கடவுளே. என் உசுரே திரும்பி வந்துச்சு. கொஞ்சம் தண்ணி இருந்தா கொடு.

என்னம்மா அப்படிப் பாக்கற? என்னத்துக்குக் கையை உதறற? நீயும் நானும் தப்பிச்சோம்ல, அது போதாதா?

பஸ்ல இருந்தவங்ககிட்டயா? அவங்ககிட்ட ஏன் சொல்லலைன்னா... அவங்கள்லாம் யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா.